விசாவில் வேறு தொழில்: திருவொற்றியூர் வெல்டரின் ஜுபைல் பயணம் – ஒரு நிகழ்வு ஆய்வு

திருவொற்றியூரைச் சேர்ந்த 26 வயது வெல்டர் ஒருவர் சவுதி அரேபியாவின் ஜுபைல் நகருக்கு முதன்முறையாக, துணைக்கு ஆளில்லாமல், வேலைக்குப் போனார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இன்டர்வியூவில் தேறியதிலிருந்து கேம்ப்பில் கட்டில் கிடைத்தது வரை ஏழு மாதம் ஆனது. ரயிலிலும் விமானத்திலும் போனது அதில் இரண்டு நாள்கூட இருக்காது. மீதியெல்லாம் காகிதம்.

டோல்கேட் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் நான். அவருடைய காகிதங்களில் பாதிக்கு மேல் என் பிரிண்டர் வழியாகத்தான் வெளியே வந்தன. அதனால் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. அந்த ஏழு மாதத்தில் ஒரு வாரத்தைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்: கையில் விசா வந்த பிறகு அவர் “இந்த விசாவில் போகமாட்டேன்” என்று சொன்ன வாரம். அவரால் ஏன் அதைச் சொல்ல முடிந்தது? அதே இடத்தில் நிற்கிற மற்றவர்களால் ஏன் முடிவதில்லை?

ஆள், தொழில், பாஸ்போர்ட்

அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். மகனைக் கடலுக்கு விடுவதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது. எட்டாம் வகுப்புத் தகுதியை வைத்து ஐடிஐயில் வெல்டர் பிரிவில் சேர்ந்தார், ஓராண்டுப் படிப்பு. அதற்குப் பிறகு மணலி. அங்குள்ள ஆலைகளில் ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாட்கள், வரும்போது கான்ட்ராக்டர்கள் ஆள் எடுப்பார்கள். ஹெல்ப்பராக உள்ளே நுழைந்து, கிரைண்டிங் பிடித்து, மூத்த வெல்டர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில் டார்ச்சைத் தொட்டுப் பழகி, ஆர்கன் வாயு வெல்டிங்கில் ரூட், அதாவது பைப் இணைப்பின் அடி வரிசை, போடும் அளவுக்கு வந்தார்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் பைப் வெல்டரை எடுக்கும்போது கேட்பது 6ஜி சோதனை. பைப்பை 45 டிகிரி சாய்த்து நிறுத்திவிடுவார்கள். பைப்பைச் சுழற்றக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி உடம்பை வளைத்துப் போட வேண்டும். கீழ்ப்பக்கம் போடும்போது உலோகக் குழம்பு ஒழுகும், மேலே வரும்போது உள்ளே இறங்கும். அதை அடக்கி, எக்ஸ்ரேவில் ஓட்டை தெரியாமல் முடிக்கிறவருக்குச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கிற எந்த ஊரிலும் வேலை உண்டு. ஆனால் மணலியில் ஷட்டவுன் நாட்களில் மட்டும்தான் அவருக்கு நாளுக்கு 1,100 ரூபாய். ஷட்டவுன் முடிந்தால் வீடுதான்.

அவருடைய பாஸ்போர்ட் இசிஆர் பாஸ்போர்ட், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்த பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு தேறாதவர் சவுதி, குவைத், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இரண்டாண்டு ஐடிஐ படிப்பு முடித்திருந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. வெல்டர் பிரிவு ஓராண்டு என்பதால் அந்த வழியும் அடைபட்டது. எங்கள் பக்கத்துப் பையன்கள் இசிஆர் முத்திரையை அவமானமாக நினைக்கிறார்கள். அதைத் தூக்கித் தருகிறேன் என்று போலி மார்க் ஷீட்டுக்குக் காசு வாங்கும் ஆட்களும் உண்டு. இந்த நிகழ்வில் அந்த முத்திரைதான் அவருக்குப் பிடிமானமாக இருந்தது. எப்படி என்பது கீழே வரும்.

மூன்று அடுக்கு

மும்பையில் உரிமம் பெற்ற ஏஜென்சி. சென்னையில் அதன் கிளை. அதற்கும் கீழே திருவொற்றியூரில் ஒரு புரோக்கர். சட்டத்தின் கண்ணில் இந்த மூன்றாவது ஆள் கிடையாது. உரிமம் பெற்ற ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கலாம். ஆக 35,400, ரசீதோடு. புரோக்கர் கேட்டது 1,10,000. முன்பணம் 20,000, டிக்கெட் வந்ததும் மீதி என்று பேச்சு. அம்மாவின் செயினை அடகு வைத்து முன்பணம் கொடுத்தார்கள். மீதிப் பணத்துக்குத் தண்டல்காரரிடம் சொல்லி மட்டும் வைத்திருந்தார்கள், இன்னும் வாங்கவில்லை.

மாதவரம் பக்கம் ஒரு மையத்தில் டிரேட் டெஸ்ட் நடந்தது. தேறினார். ஆஃபர் லெட்டரில் பைப் வெல்டர், மாதம் 1,700 ரியால், தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தனிப்படி, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். பாஸ்போர்ட்டை ஸ்டாம்பிங்குக்கு என்று மும்பைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிடிஎஃப் வந்த இரவு

சவுதி விசா முன்பு பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் ஸ்டிக்கராக இருந்தது. 2023 முதல் இந்தியாவில் அது க்யூஆர் கோடு போட்ட தாளாக மாறிவிட்டது. ஏதோ நிர்வாக வசதிக்காகச் செய்த மாற்றம். ஆனால் தொழிலாளிக்கு அதில் பெரிய லாபம் ஒன்று உண்டு: பாஸ்போர்ட் ஏஜென்சியிடம் இருந்தாலும் விசா வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும். இவருக்கும் அப்படித்தான் வந்தது. பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்தார். தொழில் என்ற இடத்தில் இருந்தது அரபு எழுத்து.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மண்ணடிக்குப் போனார். அங்கப்ப நாயக்கன் தெருவில் அவருக்குத் தெரிந்த ஒரு கடை. கடைக்காரரின் வாப்பா ரியாத்தில் பல வருடம் இருந்து திரும்பியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாராம். “தம்பி, இதுல வெல்டர்னு எங்கயும் இல்லையே. சரக்கு ஏத்தி இறக்குற ஆளுன்னுதான் போட்டிருக்கு.”

புரோக்கரிடம் கேட்டபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “இன்னா தம்பி, பேப்பர்ல இன்னா எழுதிருந்தா உனுக்கு இன்னா? அங்க போயி டார்ச்சு புடிக்கப் போறது நீதான?”

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு தொழில் போட்ட விசாவில் போய், உண்மையில் வெல்டராகவே வேலை பார்த்து, பேசிய சம்பளத்தை வாங்கித் திரும்பியவர்கள் வடசென்னையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதைதான் புரோக்கருக்கு விளம்பரம்.

விசாவில் தொழில் ஏன் மாறுகிறது? கம்பெனிக்கு எந்தத் தொழிலுக்கு விசா ஒதுக்கீடு கையிருப்பில் இருக்கிறதோ அதில் ஆளை ஏற்றிவிடுவது பழைய பழக்கம். இன்னொரு காரணம் சமீபத்தியது. வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் போன்ற தொழில்களில் விசா வேண்டுமானால் சவுதி அரசின் திறன் தேர்வில் இங்கேயே தேற வேண்டும் என்று சில ஆண்டுகளாக வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு நாள் வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், தவறினால் மறுபடி. தேர்வு கேட்காத வேறு தொழிலில் விசா போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏஜென்சிக்கு இரண்டு மாதம் மிச்சம்.

தொழிலாளிக்கு என்ன நஷ்டம்? அங்கே கிடைக்கும் அடையாள அட்டையான இகாமாவில் விசாவில் உள்ள தொழில்தான் ஏறும். இகாமாவில் இல்லாத தொழிலைச் செய்து பரிசோதனையில் மாட்டினால் அது விதிமீறல். வேலையிடத்தில் தீக்காயம் பட்டால் “சுமை தூக்குகிறவர் வெல்டிங் மிஷினிடம் ஏன் போனார்” என்ற கேள்வி வரும். இரண்டு ஆண்டு கழித்து வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் வெல்டராக இருந்ததற்கு ஆதாரம் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே சம்பளம். அது அடுத்த மூன்று நாளில்தான் தெரிந்தது.

அந்த வாரம்

வண்ணாரப்பேட்டையில் அவருடைய தாய்மாமா இருக்கிறார், பதினோரு வருடம் குவைத்தில் டிரைவராக இருந்தவர். வீட்டில் எல்லோரும் “வந்த விசாவை விடாதே” என்று சொன்னபோது மாறுபட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான். “ஹவுஸ் டிரைவர் விசால வந்து கடைல நின்னவன எத்தினி பேர போலீஸ் அள்ளினு போச்சுன்னு நான் பாத்துருக்கேன்டா. இவனுங்க சொல்றத நம்பாத.”

மத்திய அரசின் பிரவாசி உதவி எண் 1800 11 3090. வெல்டர் என் கடையிலிருந்துதான் அதில் பேசினார். விசாவைப் பற்றிக் கேட்டவருக்கு அங்கே சொன்ன யோசனை வேறு: “இ-மைக்ரேட்டில் உங்கள் பெயரில் ஏற்றப்படும் வேலை ஒப்பந்தத்தின் நகலை ஏஜென்சியிடம் கேளுங்கள்.” இசிஆர் பாஸ்போர்ட் என்பதால் குடிபெயர்வு அனுமதி இல்லாமல் அவரை விமானம் ஏற்ற முடியாது. அனுமதி வேண்டுமென்றால் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசின் குடிபெயர்வுத் தளத்தில் ஒப்பந்தம் ஏற்ற வேண்டும். அது விசாவோடு பொருந்த வேண்டும். அதாவது, கையில் கொடுத்த ஆஃபர் லெட்டர் எதுவாக இருந்தாலும், அரசுக் கணக்கில் இன்னொரு காகிதம் இருந்தே தீரும். பத்தாம் வகுப்பு தேறியவராக இருந்திருந்தால் அப்படி ஒரு காகிதம் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

மாமாவும் மருமகனும் சென்னைக் கிளையில் போய் உட்கார்ந்தார்கள். மாலை வரை இருந்த பிறகு நகலைக் காட்டினார்கள். தொழில்: ஏற்றி இறக்குபவர். சம்பளம்: 1,000 ரியால்.

மாதம் 700 ரியால் வித்தியாசம். 24 மாதத்துக்கு 16,800. ரியாலை 22 ரூபாய் என்று வைத்தாலும் மூன்றரை லட்சத்துக்கு மேல். கம்பெனி 1,700 கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கொடுக்காவிட்டால் அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றத்திலோ இந்தியத் தூதரகத்திலோ எடுத்துக் காட்ட அவரிடம் இருப்பது 1,000 ரியால் ஒப்பந்தம்தான். கூடுதல் நேரத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி சேர்த்துத் தர வேண்டும் என்று சவுதி சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கும் 1,000 ரியாலில் இருந்துதான் ஓடும்.

“விசாவை மாற்றுங்கள், இல்லை என்றால் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்” என்றார்கள். கிளை மேலாளர் முதலில் மிரட்டினார்: விசா கேன்சல் ஆனால் சவுதிக்கே போக முடியாது, செலவு முழுக்க நீதான் கட்ட வேண்டும். மாமா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டி, “இத அப்படியே எழுதி சீல் போட்டு குடுங்க சார்” என்றார். மேலாளர் எழுதவில்லை. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதைப் பிணையாகப் பிடித்துவைக்க ஏஜென்சிக்கு உரிமை இல்லை என்று எழுதிய ஒரு பக்க மனுவை நான் அடித்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடவும் மறுத்தார்கள். பதிவுத் தபாலில் மும்பைக்கு அனுப்பினார்கள்.

நான்காம் நாள் மும்பையிலிருந்து போன் வந்தது, வெல்டர் விசாவே போட்டுத் தருகிறோம் என்று. மனம் திருந்திவிட்டதாக நான் நினைக்கவில்லை. பெரிய ஏஜென்சிகள் உரிமத்துக்காக 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்டியிருக்கின்றன. இ-மைக்ரேட்டில் புகார் ஏறினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், உரிமம் நிறுத்திவைக்கப்படலாம். ஒரு வெல்டருக்காக அந்தத் தலைவலி எதற்கு என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

அதன்பிறகு திறன் தேர்வு, புது விசா, அனுமதி என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடியது. பழைய மெடிக்கல் காலாவதியாகிவிட்டதால் சொந்தச் செலவில் மறுபடி எடுத்தார். நடுவில் மணலியில் ஒரு ஷட்டவுன் வந்தது, வேலைக்குப் போனார். பணக்கணக்கு கடைசியில் இப்படி முடிந்தது: ஏஜென்சிக்கு ரசீதோடு 35,400. புரோக்கருக்கு முன்பணத்தோடு சேர்த்து 25,000, ரசீது கிடையாது. அவர் அதை விடவே இல்லை. இவர்களுக்கும் சண்டை போட்டு அலுத்துவிட்டது. தண்டலில் கை வைக்கவில்லை.

மும்பை வழியாக

சவுதி சட்டப்படி ஆளை வரவழைக்கும் செலவு முதலாளியுடையது. டிக்கெட் மும்பையிலிருந்து போட்டிருந்தார்கள்; மும்பை வரை இவர் பாடு. புறப்படும் முன் ஒரு நாள் வழிகாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தார். பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுத்தாயிற்று. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம்.

பெட்டி கட்டும்போது மாமா அம்மாவின் மசாலாப் பொடியைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். கசகசா போட்டு அரைத்திருந்தார். நம் வீட்டுக் குருமாவில் போடும் சாமான், சவுதியில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அதை எடுத்து வைத்துவிட்டு வேறு அரைத்தார்கள். பக்கத்துத் தெரு அக்கா தன் வீட்டுக்காரருக்குக் கொடுக்கச் சொல்லி நீட்டிய மாத்திரைப் பொட்டலத்தையும் வாங்கவில்லை. அந்த அக்கா இன்னமும் கோபமாக இருக்கிறார்.

திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினார். அங்கிருந்து சுமார் 1,280 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு நாள். ரேணிகுண்டா தாண்டியதும் தமிழ் குறைந்தது, குண்டக்கல் தாண்டியதும் நின்றே போனது. வாடி, சோலாப்பூர், புனே. புளிச்சோறு இரண்டு வேளைக்கு வந்தது. ரயிலில் அவருக்கு இருந்த பெரிய பயம் தூங்கிவிடுவோமோ என்பதுதான். பணத்தை உள்சட்டையில் தைத்திருந்தார்.

மும்பை அலுவலகத்தில் பாஸ்போர்ட்டும் மற்ற காகிதங்களும் ஒரு கவரில் கைக்கு வந்தன. புறப்பட ஏழெட்டு மணி நேரம்தான் இருந்தது. அந்த அறையில் ஆந்திரா, பீகார், உத்தரப்பிரதேச ஆட்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்களாம். கவரைப் பிரித்துப் பார்த்தவர் ஒன்றிரண்டு பேர். இவர் தன் போனில் இருந்த படங்களோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தொழில், சம்பளம், பாஸ்போர்ட் எண், மூன்றும் சரி.

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி இந்தியில் கேட்டது மூன்று கேள்வி: என்ன வேலை, என்ன சம்பளம், யார் அனுப்புகிறார்கள். பதிலை முன்பே இந்தியில் மனப்பாடம் செய்திருந்தார். வாயும் காகிதமும் ஒன்றைச் சொன்னதால் சீக்கிரம் முடிந்தது. முன்னால் நின்ற ஒருவரைத் தனியே அழைத்துப் போனார்கள். அவர் விமானத்தில் ஏறவில்லை.

தம்மாமில் இறங்கியபோது விடியற்காலை. கைரேகை எடுத்து வெளியே வந்தால் கூட்டிப்போக யாரும் இல்லை. சிம் இல்லை. மேற்பார்வையாளர் எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்ததால் மலையாளி ஒருவரிடம் போன் வாங்கிப் பேசினார். வண்டி வர மதியம் ஆயிற்று. ஜுபைல் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். கேம்ப்பில் முதல் கேள்வி பாஸ்போர்ட் எங்கே என்பது. இகாமா போட வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. ஆனாலும் இகாமா வந்த பிறகும் அது கம்பெனி லாக்கரில்தான் இருக்கிறது. வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து மட்டும் பெற்றிருக்கிறார். அங்கே தனியாக நின்று அதற்கு மேல் சண்டை போட அவருக்குத் தெம்பு இல்லை; நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஏன் முடிந்தது

கொருக்குப்பேட்டையில் ஒரு ஏசி மெக்கானிக். இவருக்கு ஒரு வருடம் முன்பு, வேறு புரோக்கர் மூலம் போனவர். அவருக்கும் விசாவில் வேறு தொழில், ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளம். வேலையில் கெட்டிக்காரர், படிப்பும் பன்னிரண்டாம் வகுப்பு. அவருக்கு இது தெரிந்தது மும்பை விமான நிலைய வாசலில், கவர் கைக்கு வந்தபோது. அதற்குள் முழுப் பணமும் தண்டலில் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. பழைய வேலையை விட்டாயிற்று. தெருவே வந்து வழியனுப்பி வைத்திருந்தது. ஏறிப் போய்விட்டார். பேசிய சம்பளத்தில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் வாங்கினார்.

இருவரில் யார் விவரமானவர் என்று கேட்டால் நான் மெக்கானிக்கைத்தான் சொல்வேன். வெல்டருக்கு வாய்த்தது வேறு. உண்மை தெரிந்த நாளில் அவர் தன் வீட்டிலிருந்து மெட்ரோவில் போய்வரும் தூரத்தில் இருந்தார். மண்ணடியில் அரபு படிக்க ஆள், வண்ணாரப்பேட்டையில் மாமா, மணலியில் கூலிக்கு வேலை. போய்விட்டிருந்த பணம் 20,000தான். மீதி 90,000 புரோக்கர் கைக்குப் போகவில்லை, தண்டலும் ஏறவில்லை. புரோக்கருக்கு அவர் தேவைப்பட்டார்.

ஏஜென்சிகள் காகிதத்தைக் கடைசி மணி நேரத்தில் கொடுப்பது சோம்பேறித்தனத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் பல கவர்களைப் பார்த்துவிட்டேன். அப்படித் தோன்றவில்லை. ஊரை விட்டு எவ்வளவு தள்ளி, கடன் எவ்வளவு ஏறிய பிறகு கவர் கைக்கு வருகிறதோ, அந்த அளவுக்கு மறுப்பு வராது என்பது அவர்களுக்குத் தெரியும். இப்போது என் கடைக்கு வருகிறவர்களிடம் விசா பிடிஎஃப் வந்ததா, இ-மைக்ரேட் ஒப்பந்த நகல் வந்ததா என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறேன். பாதிப் பேருக்கு இரண்டும் இல்லை.

வெல்டர் இகாமா வாங்கிவிட்டார். அதில் வெல்டர் என்றே இருக்கிறது. முதல் சம்பளத்தில் செயின் மீட்கப்படவில்லை, மூன்றாவதில் மீட்டார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே தடை இருப்பதால் கோடையில் அதிகாலையிலேயே ஷிஃப்ட் தொடங்குவதாகச் சொன்னார்.

திருவொற்றியூர் புரோக்கர் இப்போதும் தொழிலில்தான் இருக்கிறார். அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பையன்கள் அவரிடம் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். முன்பணத்தை மட்டும் 20,000லிருந்து 60,000 ஆக்கிவிட்டார்.